முதுகிலிருந்து கால்விரல் வரை

எங்கள் வீட்டுத் தரை வெள்ளை ஓடு. சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே உள்ள கூலாயில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அதே ஓட்டைத்தான் பதித்திருக்கிறார்கள். எந்த அழுக்கையும் மறைக்கத் தெரியாத ஓடு என்று அம்மா அதைக் குறை சொல்வதுண்டு. ஒரு சனிக்கிழமை காலை நான் துடைப்பத்தோடு சமையலறைக்குள் போனபோது, அந்த ஓட்டின்மேல் சிவப்புப் பொட்டுகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாகக் கிடந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே தொடங்கி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, சாமி மேடை வரை சென்று, மறுபடியும் அடுப்படிக்குத் திரும்பியிருந்தன. சாமி கும்பிடும்போது சிந்திய குங்குமம் என்று நினைத்தேன். குனிந்து தொட்டேன். ஈரமாக இருந்தது.

அம்மா அடுப்பின் முன் நின்று பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ம்மா, கால்ல ரத்தம்."

"எந்தக் கால்ல?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நாற்காலியில் உட்காரவைத்து வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. வியாழக்கிழமை நான் கைதவறி உடைத்த மைலோ கிளாஸின் சில்லு. உடைத்தவளும் நான், கூட்டியவளும் நான். இடுக்கியால் பிடித்து இழுத்தபோது அது நான் எண்ணியதைவிட நீளமாக வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்லா. பருப்பு அடி பிடிக்கப் போவுது."

அப்பா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். வார நாள்களில் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டப் புறப்பட்டு இரவில்தான் திரும்புவதால் அவருடைய முகத்தை நாங்கள் தெளிவாகப் பார்ப்பது சனிக்கிழமைகளில்தான். அவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மா கால்ல ஆணி எறங்குனா, பாவம், ஆணிக்குத்தான் வலிக்கும்" என்றார். அம்மா சிரித்தார். அந்தச் சில்லு என் உள்ளங்கையில் இல்லாதிருந்தால் நானும் சிரித்திருக்கக்கூடும்.

அம்மாவுக்கு இனிப்புநீர் என்கிற நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுகிறார், மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கிற்குப் போகிறார், கோப்பியில் சீனியைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார். அந்தக் கடைசிச் செய்திக்கு எங்களில் யாரும் சாட்சியில்லை.

திங்கட்கிழமை அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். அம்மா தொழிற்சாலையில் நாள் முழுவதும் மலாய் பேசுகிறவர், என்னைவிட நன்றாகவே பேசுவார். ஆனாலும் மருத்துவர் அறைக்குள் நுழைந்துவிட்டால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாகிவிடுவார். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மருத்துவர் இளம் மலாய்ப் பெண். காயத்தைச் சுத்தம் செய்துவிட்டு, சில்லு எப்போது ஏறியது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

அதற்கு ஒரு சிறு கருவி உண்டு. பேனா போன்ற ஒரு பிடி, அதன் முனையில் தூண்டில் நூலைப் போன்ற ஒரு நைலான் இழை. இழை வளைகிற அளவுக்குப் பாதத்தில் அழுத்த வேண்டும். பத்து இடங்கள். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், தொடுவது தெரிந்தால் ஆம் என்று சொல்ல வேண்டும்.

"ராசா?" என்றார் மருத்துவர். தெரிகிறதா என்று அர்த்தம்.

"யா" என்றார் அம்மா.

"ராசா?"

"யா."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கேள்வியும் பதிலும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. ஆறாவது இடத்துக்கு வந்தபோது மருத்துவர் "ராசா?" என்று கேட்டுவிட்டு, இடது கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். இழை பாதத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் காற்றில் நின்றது.

"யா" என்றார் அம்மா.

மருத்துவர் அதைக் கவனிக்கவில்லை. வெளியே நாற்பது பேர் எண் சீட்டோடு காத்திருந்தார்கள். பத்து இடங்களுக்கும் குறியிட்டு, அம்மா கொண்டுவந்திருந்த நீரிழிவுப் புத்தகத்தில் பத்துக்குப் பத்து என்று எழுதினார். நான் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓர் அந்நியர் முன்னால் அம்மாவைப் பொய் சொன்னவராக்க என் நாக்கு எழவில்லை. அதை மரியாதை என்று அப்போது எண்ணிக்கொண்டேன். இப்போது அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது மருத்துவர் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் காலணி அணிய வேண்டும். உணர்ச்சியில்லாத காலில் இப்படி ஒரு காயம் இருந்தால் அது தெரியாமலே உள்ளே போய், விரலை எடுக்கும் நிலைகூட வரலாம். "நல்லவேளை, உங்கள் அம்மாவுக்கு உணர்ச்சி இருக்கிறது" என்றார்.

அந்த வாக்கியத்தோடுதான் நான் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவின் கட்டைவிரல் ஒரு தவறான குறியீட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதை அறிந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் அந்தக் காருக்குள்தான் இருந்தோம்.

அன்று மாலை பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு மெத்தென்ற சிலிப்பர் வாங்கி, அட்டையைக்கூடப் பிரிக்காமல் அம்மாவின் முன் வைத்தேன்.

"வீட்டுக்குள்ள சிலிப்பரா? சாமி இருக்கற வீடு."

"புதுசும்மா. வெளிய ஒரு தடவகூட மிதிக்கல."

"புதுசா இருந்தா பூவாயிடுமா? செருப்பு செருப்புதான்."

"டாக்டர் சொன்னாங்க."

"அவங்க மலாய்க்காரவங்க. அவங்களும்தான் வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள போவாங்க. அவங்க வீட்டுல போடறாங்களான்னு கேட்டியா?"

கேட்கவில்லைதான். அம்மா எழுந்து போய் நீரிழிவுப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்தார்.

"பாரு. பத்துக்குப் பத்து. டிகிரி படிக்கற நீ ஒரு பரீட்சையிலயாவது பத்துக்குப் பத்து வாங்கிருக்கியா?"

சிலிப்பர் அட்டையோடு துணி அலமாரிக்கு மேலே போயிற்று.

நான் இலக்கியம் படிக்கிறவள். அறிவியலைப் பள்ளியோடு விட்டவள். ஆனால் அம்மாவின் பிடிவாதம் அறியாமையிலிருந்து வருகிறது, அறியாமையை விளக்கத்தால் தீர்க்கலாம் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன். ஸ்கூடாயில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நான் அதுவரை ஏறாத மூன்றாம் மாடிக்கு ஏறி, நரம்பணுவைப் பற்றிய அத்தியாயங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் எரிச்சல் அங்கேயே காத்திருந்தது. எந்த நூலைத் திறந்தாலும் ஒரே படம். ஒரு முனையில் உயிரணு உடல், அதைச் சுற்றிச் செய்தி வாங்கும் கிளை இழைகள், மறுமுனை நோக்கிச் செய்தி கொண்டுபோகும் ஒரே நீண்ட இழையான ஆக்சான், அதன்மேல் சிறுசிறு துண்டுகளாகக் கொழுப்புறை. நான் அந்தப் படத்தை ஒரு மாலை முழுவதும் மனத்தில் பதித்துக்கொண்டேன். மறுநாள்தான், அது தசையை இயக்கும் நரம்பணுவின் படம் என்பதையும், தொடுதலை உணரும் நரம்பணு வேறு வடிவமுடையது என்பதையும் ஓர் அடிக்குறிப்பில் கண்டேன். தொடுவுணர்வு நரம்பணுவின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒற்றை இழை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைந்து மூளையை நோக்கி ஏறுகிறது. மற்றது தோல்வரை இறங்குகிறது. கால் கட்டைவிரலுக்குப் போகும் இழை இடுப்புக்கு மேலே தொடங்கி விரல் நுனியில் முடிகிறது. ஒரே ஓர் உயிரணு, கண்ணுக்குத் தெரியாத மெலிவு, ஆனால் நீளம் ஒரு மீட்டர்.

அந்த நீளத்தில்தான் அம்மாவின் நோய் இருந்தது. இழைக்குத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் மேலே, உயிரணு உடலில்தான் உண்டாகின்றன. அங்கிருந்து அவை விரல் நுனிவரை நகர்ந்து வர வேண்டும். சில பொருள்கள் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே நகர்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து, நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் பழுதாகி, இந்தப் பராமரிப்பு குலையும்போது முதலில் கைவிடப்படுவது மிகத் தொலைவில் இருக்கும் நுனி. ஆகவே விரல்கள் முதலில் மரத்துப்போகின்றன, பிறகு பாதம், பிறகு கணுக்கால். இழை நுனியிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வருகிறது.

இது எனக்குப் புரிந்தது. புரிந்ததை அம்மாவிடம் கொண்டுசேர்க்க முடியும் என்றும் நினைத்தேன். அம்மா செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கார்களுக்குள் போகும் மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் இடம். அங்கே அவர் தரச்சோதனையில் இருக்கிறார். கம்பியின் நுனியில் இறுக்கிய உலோக முனை ஆடுகிறதா, உறையில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவியும் இழுத்தும் பார்க்கும் வேலை. இதைவிடப் பொருத்தமான உவமையை யார் எனக்குத் தரமுடியும்? இரவுச் சாப்பாட்டின்போது தொடங்கினேன்.

"ம்மா, நரம்பு ஒரு வயர் மாதிரி."

"எந்த வயர்? சிங்கிள் கோரா, மல்ட்டி கோரா?"

"சிங்கிள்."

"இன்சுலேசன் இருக்கா?"

"இருக்கு. கொழுப்பால ஆனது. சீனி கூடிப்போனா அதெல்லாம் கெட்டுப்போவும்."

"கெட்டுப்போனா ரிஜெக்ட். வெட்டிப் போட்டுட்டு வேற வயர் போட வேண்டியதுதான்."

"ஒடம்புல வேற வயர் கெடையாதும்மா."

"அப்புறம் எதுக்கு வயர் மாதிரின்னு சொல்ற?"

நியாயமான கேள்வி. உண்மையில் நரம்பு கம்பியைப் போன்றதும் அன்று. கம்பியில் மின்சாரம் தானாக ஓடுகிறது. நரம்பிழையில் செய்தி ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் புதிதாக உண்டாக்கப்படுகிறது. இழையின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஓரிடத்து வாயில் திறந்து உப்பணுக்கள், அதாவது சோடியம் அயனிகள், உள்ளே பாய்ந்தால், அந்த அதிர்வில் அடுத்த வாயில் திறக்கிறது, பிறகு அதற்கடுத்தது. தொடக்கத்தில் எவ்வளவு வலுவோ முடிவிலும் அவ்வளவே வலு. இடையில் தேய்வதில்லை. ஒன்று முழுமையாக வரும், இல்லையென்றால் வரவே வராது. இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, வரிசையில் நிற்கும் ஆள்கள் பொருளைக் கைமாற்றிக் கொடுப்பது போல என்றேன்.

"நடுவுல ஒருத்தன் எம்.சி. போட்டு வராமப் போயிட்டா?" என்றார் அம்மா.

"போட்டா, அதோட நின்னுபோயிரும்."

"எப்படி நிக்கும்? பக்கத்து ஆளு எட்டி வாங்கிக்குவான். எங்க லைன்ல தெனமும் நடக்கறதுதானே."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பாப்பா, ஒங்கம்மாவுக்கு நரம்பு சொல்லிக்குடுக்கறதுக்கு நீ நேரா நரம்புக்கே போய் சொல்லிக்குடுத்துரு, அது கேக்கும்" என்றார்.

உவமைகளை ஆராய்ந்து மதிப்பெண் வாங்குகிறவள் நான். ஓர் உவமை எங்கே பொருந்துகிறது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பொருந்தாத இடத்தின் வழியாக ஒருவர் எவ்வளவு இலகுவாக வெளியேறிவிடலாம் என்பதை எந்த விரிவுரையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் எதைக் கட்டினாலும் அம்மா அதில் ஒரு கதவைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து வெளியே போய், வெறுங்காலோடு வெள்ளை ஓட்டின்மேல் நடந்தார். நான் அவருக்குப் பின்னால் ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டினேன்.

இதற்கிடையில் காயம் ஆறவில்லை. மூன்று வாரமாயிற்று. விளிம்புகள் வெளுத்துத் தடித்திருந்தன, நடுவில் ஒரு பயறளவு குழி. கட்டு மாற்றும் தாதி ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் ஆகக்கூடாதே என்றார். புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பார். பத்துக்குப் பத்து. பிறகு அவர் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த வாரம் நான் தனியாகக் கிளினிக்கிற்குப் போனேன். முகப்பில் இருந்தவரிடம், என் தாயாரின் பரிசோதனை முடிவு தவறென்று நினைக்கிறேன் என்று, வழியெல்லாம் மனத்தில் அமைத்து வைத்திருந்த மலாய் வாக்கியத்தைச் சொன்னேன். நோயாளி வந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். நோயாளியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். என் வாக்கியத்தில் பிழையேதும் இருக்கவில்லை. அதனால் பயனும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் தூண்டில் நூல் வாங்கினேன். ஒரு துண்டை வெட்டி, பழைய பேனா மூடியில் ஒட்டினேன். சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து குளித்து, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபோது, அவர் எதிரே தரையில் அமர்ந்தேன்.

"கண்ண மூடுங்க. நான் ஒருவாட்டி பாத்துக்கறேன்."

"டாக்டரே பாத்தாச்சு."

"எனக்குப் படிப்புக்கு."

படிப்பு என்றால் அம்மா எதற்கும் சம்மதிப்பார். கண்ணை மூடிக்கொண்டார். நான் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, அவருடைய பாதத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"தெரியுதா?"

"ம், தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

பத்து முறை கேட்டேன். பத்து முறையும் தெரிகிறது என்றார். ஏழாவதில் கொஞ்சம் யோசிப்பதுபோல முகத்தைச் சுருக்கி, "லேசா" என்றும் சொன்னார். அந்த நடிப்பின் நுணுக்கம் எனக்குள் எதையோ அறுத்தது.

"ம்மா, நான் ஒருதடவகூட தொடல."

அம்மா கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வியப்பு இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தொட்டாலும் தெரியாதுன்னு தெரியும். ரெண்டு வருசமா அப்படித்தான். மொதல்ல சுண்டுவிரல், அப்புறம் எல்லாம். பாத்ரூம்ல தண்ணி சூடா ஜில்லான்னு கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்திக்கறேன்."

நான் நூலைக் கீழே வைத்தேன். மூன்று வாரம், நூலகத்தின் மூன்றாம் மாடி, வயர், வரிசை, எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டிருந்தது என்னைவிட நன்றாக அறிந்திருந்த ஒருவரிடம். நான் படித்த வரிசையில்தான் அது அவர் காலில் நடந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேண்டுமென்றே கதவுகளைத் தேடியிருக்கிறார்.

"அப்ப ஏன் டாக்டர்கிட்ட யா யான்னீங்க?"

அம்மா இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார்.

"எங்க லைன்ல ஒரு அக்கா இருந்தாங்க. இதே இனிப்புநீர்தான். கால்ல உணர்ச்சி இல்லன்னு எழுதுனாங்க. அடுத்தவாட்டி போனப்ப கைய நீட்டச் சொன்னாங்க. கையும் கொஞ்சம் கம்மின்னு எழுதிட்டாங்க. அந்தப் பேப்பர் ஃபேக்டரி டாக்டர்கிட்ட போச்சு. மொதல்ல பேக்கிங்ல போட்டாங்க. மூட்டைய தூக்க முடியாம அவங்களே வேலையிலேர்ந்து நின்னுட்டாங்க." விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். "க்யூசி கண்ணால பாக்கற வேலன்னு நெனைக்கிறியா? விரலுதான் பாக்குது. கால் பத்தி எழுத விட்டா கைக்கு வந்துருவாங்க. அதான்."

"விரல எடுக்கவேண்டி வந்தா?"

"கால் விரலத்தானே."

நான் கத்தவில்லை. கத்துகிற பழக்கம் எனக்கில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபம் அம்மாவின்மேலா, அவருடைய கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்ததன்மேலா என்று பிரித்தறிய முடியவில்லை. அவர் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதைக் காட்ட எனக்கு உவமை தேவைப்படவில்லை, அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த அளவு நாடா போதுமாயிருந்தது.

"நில்லுங்க" என்றேன். அம்மா நின்றார். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் நாடாவின் நுனியை வைத்து, காலின் பின்புறமாக இறக்கி, குதிகாலைச் சுற்றிக் கட்டைவிரல் நுனிவரை அளந்தேன். நூற்றெட்டு சென்டிமீட்டர். பிறகு கழுத்தடியிலிருந்து தோளைக் கடந்து நடுவிரல் நுனிவரை. எண்பது.

"இது கால் நரம்பு. இது கை நரம்பு. நீளமானதுதான் மொதல்ல கெடும். கால்ல நுனியிலேர்ந்து கெட்டுக்கிட்டே மேல வரும். கால்ல மிச்சம் இருக்கறது கை நரம்பு நீளத்துக்கு வந்து சேந்தப்புறம்தான் கையில ஆரம்பிக்கும். கால மறைச்சா கை தப்பிக்காது. ரெண்டுக்கும் ஒரே சீனிதான். கால்ல இவ்ளோ ஏறிருச்சுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா மருந்த மாத்துவாங்க, அப்ப கைக்கு வர்றது தள்ளிப்போவும். தெரியலன்னா அதே மாத்திரைதான்."

அம்மா நாடாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கம்பிகளை நீளம் பார்த்து வெட்டும் இடத்தில் இருபது ஆண்டுகள் நின்றவர்.

"அப்ப வித்தியாசம் இருபத்தெட்டு."

"ஆமா."

கால் கட்டைவிரல் நுனியிலிருந்து இருபத்தெட்டு சென்டிமீட்டரைத் தானே அளந்தார். நாடா கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் நின்றது. நூலில் முழங்கால் என்று போட்டிருந்தது, பாதிப்பு முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல்களில் தொடங்கும் என்று. நான் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"நாடா சொல்றது ஒன்னு, புத்தகம் சொல்றது ஒன்னா?"

"அளக்கறதுல வித்தியாசம் வரும். நரம்பு நேரா போறதில்ல."

"புத்தகமே இருக்கட்டும்" என்றார் அம்மா. "அதுல தூரம் ஜாஸ்தி. சரி, இப்ப எது வரைக்கும் வந்திருக்கு? பாரு."

இம்முறை உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். நான் நூலால் தொட்டேன், கேள்வி கேட்காமல். பாதத்தில் எங்கும் அவர் வாய் திறக்கவில்லை. கணுக்கால் எலும்புக்கு மேலே மூன்று விரல் தள்ளித் தொட்டபோது, "இங்க" என்றார். அந்த இடத்திலிருந்து முழங்கால்வரை அவரே நாடாவை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் இருபத்தேழு இருக்கு. அதுக்கு எத்தன வருசம்?"

"தெரியாதும்மா."

"பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். ஆளுக்கு ஆள் மாறுமாம். புத்தகத்துல இல்ல."

"தலகாணி தடிக்குப் புத்தகம் தூக்கிட்டு வந்த. நான் கேக்கறது மட்டும் அதுல இல்லையா?"

எனக்கும் அதே எரிச்சல்தான். உப்பணு எந்த நொடியில் எந்த வாயிலில் நுழைகிறது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பெண் இன்னும் எத்தனை ஆண்டு விரலால் கம்பியைத் தடவலாம் என்பதை எழுதவில்லை.

அடுத்த புதன்கிழமை அம்மா அரைநாள் விடுப்பு எடுத்தார். அதே மருத்துவர். கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நைலான் இழையை எடுத்தார். அம்மா கண்ணை மூடினார்.

"ராசா?"

"தா ராசா" என்றார் அம்மா. தெரியவில்லை.

மருத்துவர் நிமிர்ந்தார். அடுத்த இடம். தா ராசா. பத்து இடங்களுக்கும் அதே பதில். அவர் பழைய பக்கத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அவசரம், ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்று அம்மா நல்ல மலாயில் சொன்னார். மருத்துவர் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

காயம் எலும்புவரை போகவில்லை என்றார் மருத்துவர். விரல் இப்போதைக்குத் தப்பும். ஆனால் இன்னும் சில வாரம் கட்டு, அழுத்தம் படாத தனிக் காலணி, ஊசி மருந்து, பாதங்களுக்கென்று இருக்கும் பிரிவுக்கு ஒரு கடிதம். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: கை எப்படி?

அம்மாவின் கைகள் கைப்பைக்குக் கீழே போயின. அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் பதில் சொல்ல வேண்டிய இடம். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். கையால் தொட்டுத்தான் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரிந்தவரை அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

"இன்னும் யாரும் பார்க்கவில்லை" என்றேன் மலாயில்.

அம்மா என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். மருத்துவர் கேள்வி கேட்காமல் தொட்டார். வலது கையின் ஐந்து விரலுக்கும் அம்மா உடனே பதில் சொன்னார். இடது கையிலும் நான்குக்குச் சொன்னார். சுண்டுவிரலில் இழை வளைந்து நின்றது. அம்மா காத்திருந்தார். மருத்துவர் மறுபடியும் தொட்டார். அம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

இது சர்க்கரையால் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒரு விரல் மட்டும் என்பதால், முழங்கையை மேசையில் ஊன்றியே வேலை செய்கிறவர்களுக்கு அங்கே நரம்பு அழுந்துவதாகவும் இருக்கலாம். எது என்று அறிய, நரம்பு வழியே மின்துடிப்பை அனுப்பி அதன் வேகத்தை அளக்கும் பரிசோதனை வேண்டும். அது பெரிய மருத்துவமனையில். தேதியைத் தொலைபேசியில் சொல்வார்கள், சில மாதங்கள் ஆகும். அதைவிடச் சீக்கிரம் செய்ய வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். அவருக்கும் அதில் அலுப்பு இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "மாசக்கணக்காவும்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அதுவரைக்கும் கையப் பத்தி ஒன்னும் எழுத மாட்டாங்கல்ல?"

"இதுதான்னு உறுதியா எழுத மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு." கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "ரெண்டு மணிக்கு லைனுக்குப் போவணும். செனாய்ல எறக்கி விட்டுரு."

நெடுஞ்சாலையில் ஏறினோம். நான் வெறுத்த அந்தத் தாமதம் அவருக்குக் கிடைத்த விடுமுறையாக இருந்தது. அதை எதிர்த்துச் சொல்ல எந்த அத்தியாயமும் எனக்கு உதவவில்லை. தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். இறங்கும்போது கதவுப் பிடியை அவர் இடது கையின் எந்த விரல்களால் இழுக்கிறார் என்று பார்க்க நினைத்திருந்தேன். பின்னால் வந்து நின்ற தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. நான் கண்ணாடியைப் பார்த்துத் திரும்புவதற்குள் கதவு சாத்தப்பட்டிருந்தது. அம்மா வாசலுக்குள் போய்விட்டிருந்தார்.